என்எஃப்எஸ் ஷேரில் பில் ஃபைல்: லாக் விடமாட்டேங்குது, பழைய கணக்கு காட்டுது

#1 கல்லிடை கணக்கு

வணக்கம் அண்ணாச்சிமாரே. கல்லிடைக்குறிச்சியில அப்பள மொத்த வியாபாரத்துக்கு ஓடுத பில்லிங் அமைப்பு இது. விவரம் முழுசா தாரேன், எங்கன தப்புன்னு சொல்லுங்க.

சர்வர் ஒண்ணு, உபுண்டு 22.04. கவுன்டர்ல 6 லினக்ஸ் மெஷின், என்எஃப்எஸ் (சர்வர் ஃபோல்டரை நெட்வொர்க் வழியா சொந்த ஃபோல்டர் மாதிரி திறக்கிற முறை) வழியா. கணக்கர் ரூம்ல 2 விண்டோஸ் மெஷின், அதே ஃபோல்டர் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குக் கொடுக்கிற புரோகிராம்) வழியா. பில்லிங் புரோகிராம் எஸ்க்யூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்) ஃபைல்ல எழுதுது, ஜர்னல் வால் மோடு (WAL, மாற்றத்தை முதல்ல தனி ஃபைல்ல எழுதி வைக்கிற முறை). மவுண்ட் ஆப்ஷன் (கவுன்டர் மெஷின்ல ஷேரை இணைக்கிற செட்டிங்): வெர்ஸ்=3, சாஃப்ட், டைமியோ=30. எக்ஸ்போர்ட் பக்கம் (சர்வர் ஃபோல்டரைக் கொடுக்கிற செட்டிங்): ஆர்டபிள்யூ, அசிங்க். கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் யுபிஎஸ் உண்டு. சாரல் சீசன் காத்துல கரண்ட் அடிக்கடி போகும்.

பிரச்சனை மூணு. கரண்ட் போய் வந்தா சில நேரம் "டேட்டாபேஸ் இஸ் லாக்டு"ன்னு நிக்கி, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் போகுது. ஒரு கவுன்டர்ல சேவ் ஆன பில் பிடிஎஃப் அடுத்த கவுன்டர்ல தெரிய ஒரு நிமிஷம் வரைக்கும் ஆகுது. மூணாவது, போன வாரம் டேட்டாபேஸ் "மால்ஃபார்ம்டு" (ஃபைல் கெட்டுப் போச்சு) ஆகி, பேக்கப்ல இருந்து எடுக்கும்படி ஆச்சு.


#2 கொக்கிரகுளம் கேபிள்

மூணுக்கும் காரணம் வேற வேற. ஒரே மருந்து தேடாதீங்க.

மூணாவதுல இருந்து வாரேன், பணம் போற இடம் அதுதான். வால் மோடு நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது. எஸ்க்யூலைட் ஆவணத்திலேயே இதைத் தெளிவா எழுதியிருக்காங்க. வால் மோடில் மெயின் ஃபைலோட இன்னும் ரெண்டு ஃபைல் வரும், ஒண்ணு "-வால்", இன்னொண்ணு "-எஸ்ஹெச்எம்". எந்தப் பக்கம் வால் ஃபைலில் எங்க இருக்குங்கிற அட்டவணை அந்த எஸ்ஹெச்எம் ஃபைலில் இருக்கு. எல்லா புரோகிராமும் அதை எம்மேப் போட்டு (ஃபைலை நேரா மெமரியில் விரிச்சு) ஒரே மெமரியா பாக்குதுன்னு நம்பித்தான் வடிவமைப்பு. ஒரே மெஷினுக்குள்ள அது உண்மை. ஆறு மெஷின்ல ஆறு கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி), ஆறு பேஜ் கேஷ் (படிச்ச ஃபைல் பக்கங்களை மெமரியில் வச்சிருக்கிற பிரதி). ஒவ்வொண்ணும் தன் கையில் இருக்கிற அட்டவணைதான் சரின்னு நினைச்சு எழுதும். மால்ஃபார்ம்டு ஆகாம இத்தனை நாள் ஓடினதுக்கு, ரெண்டு கவுன்டர் ஒரே விநாடியில் எழுதறது அபூர்வம்ங்கிறது மட்டும்தான் காரணம்.

அதனால இன்னைக்கே செய்ய வேண்டியது: எல்லா கவுன்டரையும் மூடிட்டு, சர்வர்லயே எஸ்க்யூலைட்3 திறந்து, முதல்ல வால் செக்பாயின்ட் ட்ரங்கேட் (வால் ஃபைலில் இருக்கிறதை மெயின் ஃபைலுக்கு மாத்தி, வாலைக் காலி பண்ற கட்டளை), அப்புறம் ஜர்னல் மோடை டிலீட்னு மாத்துங்க. பதிலா "டிலீட்"னு வரணும். "வால்"னே வந்தா யாரோ இன்னும் ஃபைலைத் திறந்து வச்சிருக்காங்க. மாறின பிறகு அந்த ரெண்டு துணை ஃபைலும் தானா மறையும். கையால அழிக்காதீங்க. வால் ஃபைலுக்குள்ள மெயின் ஃபைலுக்குப் போகாத பில் இருக்கலாம்.


#3 வண்ணார்பேட்டை வயர்

ரெண்டாவது பிரச்சனைக்கு நோஏசி போட்டு மவுண்ட் பண்ணுங்க. கேஷ் ஆஃப். எல்லாம் உடனே தெரியும். முதல் பிரச்சனைக்கு நோலாக். முடிஞ்சுது.


#4 கொக்கிரகுளம் கேபிள்

வயர் அண்ணாச்சி, நோலாக் மட்டும் சொல்லாதீங்க. நோலாக் போட்டா லாக் கேட்கிறது சர்வருக்குப் போகவே போகாது. அந்தந்த மெஷினுக்குள்ள மட்டும் லாக் கிடைக்கும். ஆறு கவுன்டரும் "எனக்கு எக்ஸ்க்ளூசிவ் லாக் கிடைச்சுட்டு"ன்னு ஒரே நேரத்துல சந்தோஷமா எழுதும். "லாக்டு"ங்கிற செய்தி வராது, அது நிஜம். டேட்டாவும் இருக்காது.

நோஏசி பத்தி. அது ஆஃப் பண்றது அட்ரிபியூட் கேஷை (ஃபைலோட சைஸ், மாறின நேரம் மாதிரி விவரத்தை ஞாபகம் வைக்கிறது). கூடவே எழுதறது எல்லாத்தையும் சிங்க் ஆக்கிடும், அதனால நெட்வொர்க்கில் போக்குவரத்து கண்டபடி ஏறும். இவ்வளவு விலை கொடுத்தும் ரேஸ் போகாது: ஏ மெஷின் அட்ரிபியூட் கேட்டு "மாறலை"ன்னு பதில் வாங்குது, அடுத்த மில்லிவிநாடியில் பி மெஷின் எழுதுது, ஏ பழைய படிப்பை வச்சு எழுதுது.

பின்னணி இதுதான். என்எஃப்எஸ் கொடுக்கிற உத்தரவாதத்துக்கு குளோஸ்-டு-ஓப்பன்னு பேர். ஒருத்தர் ஃபைலை குளோஸ் பண்ணும்போது அவர் மெஷினில் தேங்கி நிக்கிறது எல்லாம் சர்வருக்குப் போயிடும். அதுக்குப் பிறகு இன்னொருத்தர் ஓப்பன் பண்ணினா அவர் மெஷின் சர்வர்கிட்ட அட்ரிபியூட் கேட்டு, மாறியிருந்தா தன் கேஷைத் தூக்கிப் போடும். குளோஸுக்கும் ஓப்பனுக்கும் நடுவில், ஃபைல் ரெண்டு பக்கமும் திறந்தே இருந்தா, எந்த வாக்கும் கிடையாது.

அந்த நடுவில் வாக்கு வேணும்னா அதுக்கு ஒரே வழி லாக். லினக்ஸ் கிளையன்ட் (ஷேரை இணைச்சிருக்கிற மெஷின்) எஃப்சிஎன்டிஎல் லாக் (புரோகிராம் கெர்னல்கிட்ட ஃபைலுக்கோ அதில் ஒரு பகுதிக்கோ கேட்கிற லாக்) வாங்கும்போது அந்த ஃபைலோட கேஷை நம்பாம சர்வர்ல இருந்து புதுசா படிக்கும். லாக்கை விடும்போது எழுதினதை எல்லாம் சர்வருக்குத் தள்ளிட்டுத்தான் விடும். அதாவது என்எஃப்எஸ்ல லாக்குங்கிறது "வேற யாரும் வராதே"ன்னு சொல்றது மட்டும் இல்ல, கேஷைச் சரி பண்ற இடமும் அதேதான். லாக் சரியா ஓடினா நோஏசி வேண்டாம். லாக் ஓடலைன்னா நோஏசி காப்பாத்தாது.


#5 கல்லிடை கணக்கு

புரியுது அண்ணாச்சி. ஆனா பிடிஎஃப் தெரியாதது லாக் பிரச்சனை இல்லையே? அது யாரும் லாக் போடாத ஃபைல்.


#6 கொக்கிரகுளம் கேபிள்

சரியா பிடிச்சீங்க. அது டைரக்டரி கேஷ். லினக்ஸ்ல டீஃபால்ட் இப்படி: ஃபைலுக்கு ஏசிரெக்மின் 3 விநாடி, ஏசிரெக்மேக்ஸ் 60. டைரக்டரிக்கு ஏசிடிர்மின் 30, ஏசிடிர்மேக்ஸ் 60. மாறாம இருக்க இருக்க நம்புற நேரம் குறைந்த அளவிலிருந்து இரட்டிச்சு இரட்டிச்சு மேல் அளவுக்குப் போகும். அதனாலதான் உங்களுக்கு "ஒரு நிமிஷம் வரைக்கும்".

இதுல இன்னொரு வலை இருக்கு. ஒரு கவுன்டர் பில் 4512 பிடிஎஃப் இருக்கான்னு முன்கூட்டியே தேடினா "இல்லை"ங்கிற பதிலையும் கிளையன்ட் ஞாபகம் வச்சுக்கிடும். ஃபைல் வந்த பிறகும் கொஞ்ச நேரம் இல்லைன்னே சொல்லும். அதுக்கு மவுண்டில் லுக்கப்கேஷ்=பாஸிட்டிவ்னு கொடுங்க, "இருக்கு"ங்கிறதை மட்டும் ஞாபகம் வைக்கும். கூட ஏசிடிர்மின்=1, ஏசிடிர்மேக்ஸ்=5. பிடிஎஃப் ஃபோல்டரைத் தனி எக்ஸ்போர்டா பிரிச்சு அதுக்கு மட்டும் இதைப் போடுங்க. டேட்டாபேஸ் ஃபோல்டருக்கு டீஃபால்ட்டே போதும்.

விண்டோஸ் பக்கமும் இதே கதை உண்டு. எஸ்எம்பி (விண்டோஸும் சாம்பாவும் பேசுற நெறிமுறை) கிளையன்ட் டைரக்டரி தகவலை 10 விநாடி, ஃபைல் தகவலை 10 விநாடி, "ஃபைல் இல்லை"ங்கிறதை 5 விநாடி ஞாபகம் வைக்கும். ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் பாராமீட்டர்ஸ் கீழே டைரக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம்னு மூணு மதிப்பு. 10 விநாடி தாமதம் கணக்கர் ரூமுக்குப் பெரிசு இல்லைன்னா தொடாதீங்க.


#7 பாளை லேப்

முதல் பிரச்சனைக்கு வாரேன். வெர்ஸ்=3தான் காரணம்.

பதிப்பு 3ல என்எஃப்எஸ் நெறிமுறைக்குள்ள லாக்கே கிடையாது. சர்வர் யாரையும் ஞாபகம் வைக்காதுங்கிறதுதான் அதோட அடிப்படை. லாக்குக்குப் பக்கத்தில் என்எல்எம்னு தனி நெறிமுறை, லாக்டி அதை நடத்தும். யார் ரீபூட் ஆனாங்கன்னு சொல்ல என்எஸ்எம், அதை ஸ்டாட்டி நடத்தும். கிளையன்ட் லாக் வாங்கிட்டு கரண்ட் போய் விழுந்தா, அது திரும்ப எழுந்து எஸ்எம்-நோட்டிஃபை வழியா "நான் ரீபூட் ஆனேன்"னு சொன்னாத்தான் சர்வர் பழைய லாக்கை விடும். அன்னைக்கு அந்தக் கவுன்டரை யாரும் ஆன் பண்ணலைன்னா லாக் அப்படியே நிக்கும், நாள் கணக்கில். ஆன் பண்ணினாலும் ஸ்டாட்டி போர்ட்டை ஃபயர்வால் மறிச்சா, இல்ல ஹோஸ்ட்நேம் மாறியிருந்தா, செய்தி சேராது. இதுக்குத்தான் நீங்க சர்வரையே ரீஸ்டார்ட் பண்ற நிலை. அவசரத்துக்கு, விழுந்த மெஷினை ஆன் பண்ணி அதுல எஸ்எம்-நோட்டிஃபை -எஃப் ஓட்டினா பல நேரம் விடும்.

பதிப்பு 4ல லாக் நெறிமுறைக்குள்ளேயே வந்துட்டு. ஒரே போர்ட், 2049. லாக் எல்லாம் ஒரு லீஸுக்குக் கட்டுப்பட்டது. கிளையன்ட் அடிக்கடி லீஸைப் புதுப்பிக்கணும். லினக்ஸ் சர்வர்ல டீஃபால்ட் 90 விநாடி. அதுக்குள்ள சத்தமே இல்லைன்னா கிளையன்ட் போயிட்டதா எடுத்துக்கிட்டு லாக்கை விட்டுடும். கவுன்டர் கரண்ட் போய் அப்படியே கிடந்தாலும் மத்தவங்க ஒன்றரை நிமிஷத்தில் வேலையைத் தொடரலாம். கெர்னல் 5.19ல இருந்து சர்வர் இன்னும் நிதானம்: 90 விநாடி தாண்டினாலும் வேற யாரும் அந்த லாக்கைக் கேட்காத வரை வச்சிருக்கும், கேட்டா கொடுத்துடும். உங்க 22.04ல வர்ற 5.15ல இது இல்லை.

ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. சர்வர் ரீஸ்டார்ட் ஆனா கிரேஸ் பீரியட்னு இன்னொரு 90 விநாடி உண்டு. பழைய கிளையன்ட்கள் தங்கள் லாக்கைத் திரும்பக் கேட்டு வாங்க அந்த நேரம். அது முடியற வரைக்கும் புது லாக் கிடைக்காது, பதிப்பு 4ல ஃபைல் ஓப்பனே காத்து நிக்கும். கவுன்டர்ல இருக்கிற பிள்ளைங்க "ஹேங் ஆயிட்டு"ன்னு சொல்லி ஸ்விட்சை அமுக்கும். அமுக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வைங்க. எல்லா கிளையன்டும் 4.1 இல்ல அதுக்கு மேல இருந்து திரும்பக் கேட்டு முடிச்சுட்டா 90க்கு முன்னாடியே முடியும்.


#8 வண்ணார்பேட்டை வயர்

நோலாக் விஷயம் ஒத்துக்கிடுதேன். ஆனா கல்லிடை தம்பி எழுதினதுல ஒண்ணு எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. கம்ப்யூட்டருக்கு எல்லாம் யுபிஎஸ் இருக்குங்கார். நெட்வொர்க் சுவிட்சுக்கு இருக்கா?

பதிப்பு 4க்குப் போன பிறகு இதுதான் பெரிய ஓட்டை. கரண்ட் போகுது, கவுன்டரும் சர்வரும் யுபிஎஸ்ல ஓடுது, நடுவுல 8 போர்ட் சுவிட்ச் செத்துக் கிடக்கு. 90 விநாடிக்கு மேல போனா எல்லா கவுன்டரோட லீஸும் முடிஞ்சுது. சுவிட்ச் வந்த உடனே எந்தக் கவுன்டர் முந்துதோ அது லாக்கை வாங்கிடும். பழைய லாக் வச்சிருந்த புரோகிராமுக்கு லினக்ஸ் கிளையன்ட் அந்த ஃபைலில் ஐ/ஓ எரர் கொடுக்கும், லாக்கை இழந்துட்டேன்னு சொல்ற வழி அதுதான். ரெகவர்_லாஸ்ட்_லாக்ஸ்னு ஒரு மாட்யூல் ஆப்ஷன் அதை மறைச்சு லாக்கைத் திரும்ப எடுக்கப் பாக்கும், டீஃபால்ட் 0, அப்படியே இருக்கட்டும். எரர் வர்றது நல்லது. நடுவில் மாறின ஃபைல் மேல கண்ணை மூடிக்கிட்டு எழுதறதைவிட நிக்கிறது மேல்.

சின்ன சுவிட்ச் பெரும்பாலும் 10 வாட்டுக்குள்ளதான் இழுக்கும். சர்வர் யுபிஎஸ்ல ஒரு பிளக் ஒதுக்குங்க.


#9 கல்லிடை கணக்கு

சுவிட்ச் நேரடியா கரண்ட்லதான் இருக்கு வே. இன்னைக்கே மாத்துதேன்.

சாஃப்ட், அசிங்க் பத்தி யாரும் சொல்லலையே. அது சரியா?


#10 பாளை லேப்

ரெண்டும் தப்பு.

சாஃப்ட், டைமியோ=30ன்னா 3 விநாடி. டைமியோ கணக்கு பத்தில் ஒரு விநாடியில். டிசிபிக்கு டீஃபால்ட் 600, அதாவது 60 விநாடி. சுவிட்ச் கொஞ்சம் திணறினாலே சாஃப்ட் மவுண்ட் "முடியலை"ன்னு எரரைக் கொடுத்துடும். எழுதற புரோகிராம் ரைட் எரரைப் பாக்காட்டி, குளோஸ்ல வர்ற எரரைப் பாக்காட்டி, பாதி எழுதின ஃபைல் முழுசா எழுதினதா நிக்கும். டேட்டா இருக்கிற மவுண்ட் எதுவும் ஹார்டா இருக்கட்டும். ஹார்ட்ல சர்வர் வர்ற வரை காத்து நிக்கும். நின்னு போன புரோசஸைக் கில் -9ல கொல்லலாம். இன்டர் ஆப்ஷன் 2.6.25க்கு அப்புறம் ஒண்ணும் செய்யாது, பழைய குறிப்பைப் பாத்துப் போடாதீங்க.

அசிங்க் எக்ஸ்போர்ட் இன்னும் மோசம். கிளையன்ட் எஃப்சிங்க் (எழுதினதை டிஸ்க்குக்கே அனுப்புன்னு சொல்றது) கேட்டா, டிஸ்க்குக்குப் போகாமலே "போயிட்டு"ன்னு சர்வர் பொய் சொல்லும். எஸ்க்யூலைட் அந்தப் பதிலை நம்பி ஜர்னலை அழிச்சுடும். அந்த நேரம் சர்வர் விழுந்தா திரும்பக் கட்ட ஒண்ணும் இருக்காது. சிங்க்தான் நெடுங்காலமா டீஃபால்ட். யாரோ வேகத்துக்காக மாத்தியிருக்காங்க. எழுதறது மெதுவாகும், உண்மைதான். பில்லுக்கு அது தாங்கும்.


#11 டவுண் அச்சகம்

விண்டோஸ்-லினக்ஸ் ரெண்டும் ஒரே ஃபோல்டர்னு முதல் பதிவில் இருக்கு. அதுவும் மால்ஃபார்ம்டுக்குக் காரணமாகலாம். சாம்பா பக்கம் விரிவா எழுதுதேன்.

விண்டோஸ் ஒரு ஃபைலைத் திறக்கும்போது ஓப்லாக் (ஃபைலைத் தன் கேஷில் வச்சுக்கிட அனுமதி) கேட்கும், எஸ்எம்பி 2.1ல இருந்து அதுக்கு லீஸ்னு பேர். என்எஃப்எஸ் லீஸ் வேற, இது வேற. படிப்பு, எழுத்து, ஹேண்டில்னு மூணு உரிமை. எழுத்து உரிமை கிடைச்சா விண்டோஸ் தன் மெஷினுக்குள்ளேயே எழுதி வச்சுக்கிடும், லாக்கையும் தனக்குள்ளேயே முடிச்சுக்கிடும், சர்வருக்குச் சொல்லாது. இன்னொரு விண்டோஸ் வந்து திறந்தா சாம்பா முதல் ஆளுக்கு பிரேக் அனுப்பி, எழுதினதை வாங்கிட்டு, அப்புறம் ரெண்டாவது ஆளை உள்ள விடும். விண்டோஸ்-விண்டோஸ் நடுவில் இது நல்லா ஓடும்.

என்எஃப்எஸ் வழியா வர்றவங்களை சாம்பாவுக்குத் தெரியாது. பிரேக் போகாது. கணக்கர் ரூம் மெஷின் பழைய பக்கத்தைக் கையில் வச்சுக்கிட்டே இருக்கும், கவுன்டர்ல புது பில் விழுந்துகிட்டு இருக்கும்.

கெர்னல் ஓப்லாக்ஸ்=யெஸ்னு ஒரு வழி உண்டு. அப்போ சாம்பா கெர்னல்கிட்டயே லீஸ் வாங்கும், என்எஃப்எஸ்டி (சர்வர்ல ஓடுற என்எஃப்எஸ் பகுதி) அந்த ஃபைலைத் தொட்டா கெர்னல் பிரேக் கொடுக்கும். ஆனா அதைப் போட்டா லெவல்2 ஓப்லாக் போயிடும், எஸ்எம்பி2 லீஸும் போயிடும். எட்டு மெஷினுக்கு இவ்வளவு சுத்து வேண்டாம். டேட்டாபேஸ் இருக்கிற ஷேருக்கு மட்டும் ஓப்லாக்ஸ்=நோ, லெவல்2 ஓப்லாக்ஸ்=நோ. ஷேரைப் பிரிக்க முடியாட்டி வீட்டோ ஓப்லாக் ஃபைல்ஸ் வரியில் அந்த டேட்டாபேஸ் ஃபைலோட எக்ஸ்டென்ஷனையும் ஜர்னல் ஃபைலையும் கொடுங்க. பாசிக்ஸ் லாக்கிங்=யெஸ் டீஃபால்ட், அதை நோ ஆக்காதீங்க; விண்டோஸ் கேட்கிற பைட்-ரேஞ்ச் லாக்கை எஃப்சிஎன்டிஎல் லாக்கா மாத்தி, என்எஃப்எஸ் ஆளுக்கும் தெரிய வைக்கிறது அதுதான். ஸ்ட்ரிக்ட் சிங்கும் யெஸ்லேயே இருக்கட்டும்.

மாத்தின பிறகு எஸ்எம்பிஸ்டேட்டஸ் -எல் ஓட்டிப் பாருங்க. அந்த ஃபைலுக்கு நேரே ஓப்லாக் காலத்தில் "நன்"னு (NONE) வரணும். ஏற்கெனவே திறந்திருக்கிற ஃபைலுக்குப் பழைய ஓப்லாக்கே தொடரும், அதனால விண்டோஸ்ல புரோகிராமை மூடித் திறந்த பிறகு பாருங்க.


#12 பணகுடி காத்தாடி

பக்கத்துக் கேள்வி, மன்னிக்கணும். பணகுடி பக்கம் காத்தாலைக் காட்டுல மூணு பதிவு மெஷின், ஒரே சிஎஸ்வி ஃபைல்ல என்எஃப்எஸ் வழியா வரி சேக்குது, எல்லாம் ஓ_அப்பெண்ட்ல (ஃபைல் கடைசியில் சேர்க்கிற முறை) திறந்தது. வேகம், திசை, கிலோவாட். நடுவுல வரி காணாம போகுது. சில இடத்துல பூஜ்ய பைட்டா நிக்கி. லாக் போடலை, அப்பெண்ட் அட்டாமிக்தானேன்னு (நடுவில் யாரும் குறுக்கிடாம ஒரே மூச்சில் முடியும்னு) விட்டாச்சு.


#13 கொக்கிரகுளம் கேபிள்

லோக்கல் டிஸ்க்ல அட்டாமிக். என்எஃப்எஸ்ல இல்லை. நெறிமுறையில் "கடைசியில் சேர்"ங்கிற கட்டளையே கிடையாது. ரைட் போகும்போது ஆஃப்செட் (ஃபைலில் எத்தனாவது பைட்ல எழுதணும்ங்கிற எண்) கூடப் போகணும். கிளையன்ட் தனக்குத் தெரிஞ்ச சைஸைப் பாத்து ஆஃப்செட் 81920ல எழுதுன்னு அனுப்பும். அடுத்த மெஷினும் அதே சைஸைப் பாத்து அதே 81920க்கு அனுப்பினா முதல் வரி மேல ரெண்டாவது வரி. காணாம போன வரி அதுதான். பூஜ்ய பைட், பின்னால உள்ள பகுதி முன்னால வந்து சேர்ந்து, நடுப்பகுதி இன்னும் வரலைங்கிறதால தெரியிற ஓட்டை. சில நேரம் தானா நிரம்பும்.

வழி: மெஷினுக்கு ஒரு ஃபைல், ராத்திரி சேருங்க. இதைவிட நம்பிக்கையானது இல்லை. ஒரே ஃபைல்தான் வேணும்னா ஆர்சிஸ்லாக் (பதிவு வரிகளை நெட்வொர்க்கில் அனுப்புற புரோகிராம்) வழியா டிசிபியில் சர்வருக்கு அனுப்பி, சர்வர்ல ஒரே ஆள் எழுதட்டும். எஃப்சிஎன்டிஎல் லாக் போட்டு, போட்ட பிறகு சைஸ் பாத்து எழுதினாலும் சரியா வரும், ஆனா மூணு மெஷின்ல ஒண்ணு லாக்கை மறந்தாலும் போச்சு.

சேர்த்த ஃபைலை வெளியிடும்போது அதே ஃபோல்டர்ல தற்காலிகப் பேர்ல எழுதி, எஃப்சிங்க், அப்புறம் ரீநேம். படிக்கிறவங்க பாதி ஃபைலைப் பாக்க மாட்டாங்க. ஆனா வேற மெஷின்ல பழைய ஃபைலைத் திறந்து வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்டேல் ஃபைல் ஹேண்டில் எரர் வரலாம், அவங்க திரும்பத் திறக்கணும். ஒரே மெஷினுக்குள்ள அழிச்சா மட்டும்தான் கிளையன்ட் அதை .என்எஃப்எஸ்னு ஆரம்பிக்கிற மறைவுப் பேருக்கு மாத்தி உயிரோட வைக்கும். அந்தப் பேர் ஃபைல்களைப் பாத்துக் குப்பைன்னு அழிக்காதீங்க, எந்த புரோகிராம் திறந்திருக்குன்னு அந்த கிளையன்ட்ல எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாருங்க.


#14 பணகுடி காத்தாடி

மெஷினுக்கு ஒண்ணா பிரிச்சுடுதோம். நன்றி அண்ணாச்சி.


#15 பாளை லேப்

பதிப்பு 4க்கு மாறுறவங்க எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை, குறிப்பா ஒரு மெஷினை இன்ஸ்டால் பண்ணி மத்ததுக்கு இமேஜ் குளோன் பண்றவங்களுக்கு. கல்லூரி லேப்ல இதுதான் வழக்கம். கல்லிடை தம்பியோட ஆறு கவுன்டரும் அப்படித்தான் இருக்கும்.

பதிப்பு 4 சர்வர் கிளையன்டை அடையாளம் காண்றது கிளையன்ட் அனுப்புற ஒரு சரத்தை வச்சு. லினக்ஸ்ல அதுல ஹோஸ்ட்நேம் இருக்கும். எல்லா மெஷினும் லோக்கல்ஹோஸ்ட்னோ, ஒரே குளோன் பேர்லயோ மவுண்ட் ஆனா, ரெண்டாவது மெஷின் வரும்போது "அதே ஆள் ரீபூட் ஆகித் திரும்ப வந்திருக்கார்"னு சர்வர் எடுத்துக்கிட்டு முதல் மெஷினோட லாக்கை எல்லாம் வீசிடும். முதல் மெஷின் மறுபடி சேரும், ரெண்டாவதோடது போகும். மாத்தி மாத்தி நடக்கும். வெளியில பாத்தா காரணமே தெரியாம லாக் போறதும் ஐ/ஓ எரரும்தான்.

ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஹோஸ்ட்நேம் வைங்க. டிஹெச்சிபி பேர் கொடுக்கிற முன்னாடியே மவுண்ட் நடக்குதான்னும் பாருங்க. இல்லாட்டி என்எஃப்எஸ் மாட்யூலுக்கு என்எஃப்எஸ்4_யூனிக்_ஐடி ஆப்ஷன்ல மெஷினுக்கு மெஷின் வேற மதிப்பு கொடுங்க, மாட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ஒரு வரி போதும். மெஷின்-ஐடி ஃபைலை அந்த மதிப்பா எடுக்கிறவங்க, குளோன்ல அதுவும் ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாக்கணும்.

சர்வர்ல சரிபார்க்க: /ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/கிளையன்ட்ஸ் ஃபோல்டர்ல கிளையன்டுக்கு ஒரு துணை ஃபோல்டர் இருக்கும். கெர்னல் 5.3ல இருந்து உண்டு. ஒவ்வொண்ணுலயும் இன்ஃபோ ஃபைலைப் படிச்சா ஐபியும் பேரும் தெரியும். ஆறு கவுன்டர் ஓடினா ஆறு வேணும், ஆறும் வேற பேரா இருக்கணும். அதே இடத்தில் சிடிஎல் ஃபைலில் எக்ஸ்பயர்னு எழுதினா அந்த ஒரு கிளையன்டோட லாக் மட்டும் போகும். சர்வர் ரீஸ்டார்ட் வேண்டாம்.


#16 கல்லிடை கணக்கு

ஆறும் ஒரே இமேஜ்தான். ஹோஸ்ட்நேம் மாத்தியாச்சு, வெர்ஸ்=4.2, ஹார்ட், எக்ஸ்போர்ட் சிங்க். சுவிட்ச் யுபிஎஸ்ல. ஜர்னல் மோடு டிலீட். சாம்பால ஓப்லாக் ரெண்டும் நோ.

லாக் உண்மையிலேயே மெஷினுக்கு மெஷின் வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்க?


#17 வண்ணார்பேட்டை வயர்

முதல் கவுன்டர்ல ஷேர் மேல ஒரு வெத்து ஃபைலை வச்சு: எஃப்லாக் -எக்ஸ் சோதனை.எல்சிகே ஸ்லீப் 120. ரெண்டாவது கவுன்டர்ல: எஃப்லாக் -என் -எக்ஸ் சோதனை.எல்சிகே எக்கோ கிடைச்சுது. ஒண்ணும் அச்சாகாம, எக்சிட் ஸ்டேட்டஸ் 1 வரணும். "கிடைச்சுது"ன்னு வந்தா லாக் சர்வருக்குப் போகலை; என்எஃப்எஸ்ஸ்டாட் -எம் ஓட்டி "லோக்கல்_லாக்=நன்"னு (none) இருக்கான்னு பாருங்க. அப்புறம் முதல் கவுன்டரோட நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, ரெண்டாவதில் -என் இல்லாம ஓட்டினா, லீஸ் முடிஞ்ச உடனே கிடைக்கணும். சுமார் 90 விநாடி, கொஞ்சம் கூடலாம். வயர் பிடுங்கிறது பில் போடாத நேரத்தில். ஸ்லீப் 120ஐ அதுக்கு 600 ஆக்கிக்கிடுங்க, இல்லாட்டி லீஸ் முடிஞ்சுதா ஸ்லீப் முடிஞ்சுதான்னு தெரியாது.

லாக் நிக்கும்போது சர்வர்ல /ப்ராக்/லாக்ஸ் பாருங்க. ஃபைலோட ஐநோட் நம்பரை எல்எஸ் -ஐ காட்டும், அந்த நம்பர் இருக்கிற வரியில் பாசிக்ஸ், ரைட்னு இருக்கும்.


#18 டவுண் அச்சகம்

வயர் சொன்ன கடைசி வரி முக்கியம். கவுன்டர்ல போட்டது எஃப்லாக், சர்வர்ல தெரியறது பாசிக்ஸ். 2.6.12ல இருந்து என்எஃப்எஸ் கிளையன்ட் எஃப்லாக்கை முழு ஃபைல் மேல போடுற பைட்-ரேஞ்ச் லாக்கா மாத்தி அனுப்புது. லோக்கல் டிஸ்க்ல எஃப்லாக்கும் எஃப்சிஎன்டிஎல்லும் ஒண்ணை ஒண்ணு பாக்காது. அதனால சர்வர்லயே ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட் எஃப்லாக் போட்டா, கவுன்டர் வச்சிருக்கிற லாக்கோட அது மோதவே மோதாது. ரெண்டு பேருக்கும் லாக் கிடைச்ச மாதிரி இருக்கும். ஸ்கிரிப்ட் லாக் சர்வர்ல வேணும்னா எஃப்சிஎன்டிஎல் வழி போடணும்.

கல்லிடை தம்பி பேக்கப் எப்படி எடுக்கீங்க?


#19 கல்லிடை கணக்கு

ராத்திரி 10 மணிக்கு சர்வர்ல எஃப்லாக் போட்டு சிபி (சாதாரண ஃபைல் காப்பி). அந்நேரம் ஒரு கவுன்டர் திறந்துதான் கிடக்கும்.


#20 டவுண் அச்சகம்

அப்போ அந்த பேக்கப் எதுவும் நம்புற மாதிரி இல்லை. சிபியை எடுத்துட்டு எஸ்க்யூலைட்3ல .பேக்கப் கட்டளை போடுங்க. அது எஸ்க்யூலைட்டோட சொந்த லாக்கைத்தான் பயன்படுத்தும், அந்த லாக் எஃப்சிஎன்டிஎல், கவுன்டரோட சரியா மோதிக் காத்து நிக்கும். பிஸி டைம்அவுட் 10000 கொடுங்க, 10 விநாடி. எடுத்து முடிச்ச பிரதியில் பிராக்மா இன்டெக்ரிட்டி_செக் ஓட்டி "ஓகே" வந்தா மட்டும் முந்தின நாள் பிரதியை அழிக்கட்டும்.


#21 கொக்கிரகுளம் கேபிள்

இவ்வளவும் செஞ்ச பிறகும் என் கருத்து: டேட்டாபேஸ் ஃபைலை ஷேர் பண்றது கடைசி வழியாத்தான் இருக்கணும். புரோகிராம் எழுதினவர் மாத்தித் தருவார்னா அதே சர்வர்ல போஸ்ட்கிரெஸ் (தனி டேட்டாபேஸ் சர்வர்) போட்டு 5432 வழியா எல்லாரும் பேசலாம், ஃபைலைத் தொடறது சர்வர் ஒண்ணு மட்டும். மாத்தித் தர மாட்டார்னா இன்னொரு வழி: பில்லிங் புரோகிராமை சர்வர்லயே ஓட விட்டு, கவுன்டர்கள் எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸ் சர்வருக்கான ரிமோட் டெஸ்க்டாப்) வழியா 3389ல உள்ள வரட்டும். ஃபைல் லோக்கல் டிஸ்க்ல, கெர்னல் ஒண்ணு, கேஷ் ஒண்ணு. கணக்கர் ரூம் விண்டோஸும் ரிமோட் டெஸ்க்டாப்ல வந்துடலாம், அப்போ அந்த ஃபோல்டருக்கு என்எஃப்எஸ்ஸும் சாம்பாவும் வேண்டாம், பிடிஎஃப் ஃபோல்டர் மட்டும் ஷேர்ல இருந்தா போதும். அப்படி மாறின பிறகு வால் மோடைத் திரும்பப் போட்டுக்கிடலாம், அங்க அது சரியான இடம்.


#22 கல்லிடை கணக்கு

சர்வர்ல ரேம் 8 ஜிபிதான் அண்ணாச்சி. எட்டு பேர் உள்ள வந்தா தாங்குமா?


#23 கொக்கிரகுளம் கேபிள்

முழு டெஸ்க்டாப் கொடுத்தா திணறும். எக்ஸ்ஆர்டிபி செஷன்ல டெஸ்க்டாப்புக்குப் பதிலா பில்லிங் புரோகிராமை மட்டும் நேரா திறக்கும்படி ஸ்டார்ட்டபிள்யூஎம் ஸ்கிரிப்டை மாத்துங்க. முதல்ல ரெண்டு கவுன்டரை மட்டும் உள்ள விட்டு, ஃப்ரீ -எம்ல எவ்வளவு ஏறுதுன்னு பாத்து எட்டுக்குக் கணக்குப் போடுங்க. பத்தாதுன்னா ரேமை 16 ஆக்குங்க. சோதிக்கிற நாள்ல மத்த நாலு கவுன்டர் என்எஃப்எஸ்ல இருக்கிற வரைக்கும் ஜர்னல் மோடு டிலீட்லயே இருக்கணும், மறந்துடாதீங்க. கடைசிக் கவுன்டரும் உள்ள வந்து, எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல அந்த வரியை எடுத்து, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ ஓட்டி, சாம்பா ஷேரையும் மூடின பிறகுதான் வால்.